வாரத்தில் ஒரு மணி நேரம் வந்து போகும் பயிற்றுநரால் யாருக்குப் பயன்?

கரும்பலகை (இந்த இணைய விவாதத்தைத் தொடங்கியவர்)

கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் யோசிக்காமல் எழுதவில்லை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில், 31 பிள்ளைகள், நான் ஒருவன். அவர்களில் ஒரு பையனுக்கு ஆட்டிசம், ஒரு பெண் பிள்ளைக்குக் காது கேட்காது.

செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். பையனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போகிறார். வண்ணக் கட்டைகள், மணி கோர்த்தல், ஒரு புகைப்படம், பதிவேட்டில் தலைமையாசிரியரின் கையெழுத்து. பன்னிரண்டுக்கு அடுத்த பள்ளிக்கு வண்டி கிளம்பிவிடுகிறது. வாரத்தின் மீதி நேரமெல்லாம் என் தலையில். போன வாரம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வாசலைத் தாண்டினால் லாரி போகிற சாலை. நான் பின்னால் ஓடினேன். பிடித்துக்கொண்டு திரும்பியபோது வகுப்பில் இரண்டு பேர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். அவன் பின்னால் நான் ஓடினால் மற்ற 30 பேரை யார் பார்ப்பது?

ஒன்று, பள்ளிக்கு ஒரு பயிற்றுநரை முழு நேரமாகப் போடுங்கள். இல்லையென்றால் சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள். இரண்டும் செய்யாமல் இதற்கு 'உள்ளடக்கிய கல்வி' என்று பெயர் வைத்து, டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று பலூன் ஊதிக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வட்டாரவாசி

அந்தத் 'தாழ்வாரத்து ஆள்' நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. உங்கள் ஒன்றியம் அல்ல, வேறு மாவட்டம். 14 ஆண்டுகளாக இதே வேலை.

முதலில் ஒரு சின்னச் சங்கடம். 'சிறப்பாசிரியர்' என்று சொன்னால் நம் ஊரில் ஓவியம், தையல் ஆசிரியர்களைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பள்ளியில் என்னைச் சுவரில் திருவள்ளுவர் வரைந்து தரச் சொன்னார்கள். பெயரிலேயே இந்த நிலைமை என்றால் வேலை யாருக்குத் தெரியும்?

எங்கள் வட்டார வள மையத்தில் ஐந்து பேர். பள்ளிகள் 70க்கு மேல். வாரத்தில் இரண்டு நாள் பகல்நேர மையம்; இன்னொரு நாள் படுக்கையிலிருந்து எழ முடியாத பிள்ளைகளின் வீடுகள். மிச்ச நாள்களில்தான் பள்ளிகள். நடுவில் மருத்துவ முகாம் வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். அடையாள அட்டைக்கு அழைத்துப் போவது, உதவித்தொகை விண்ணப்பம், சக்கர நாற்காலிக்கு அளவெடுப்பது, எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றுவது எல்லாம் எங்கள் தலையில். புகைப்படம் எனக்கு ஆசை என்றா நினைக்கிறீர்கள்? வந்ததற்குச் சாட்சி கேட்கிறார்கள். பிள்ளை என்ன கற்றான் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி. அவர் வந்த அந்த ஒரு மணி நேரத்தில், 'இவன் மணிச் சத்தத்துக்கு ஓடுகிறான், என்ன செய்வது?' என்று ஒரு முறையாவது கேட்டீர்களா? எனக்குக் கிடைக்கும் வரவேற்பு பெரும்பாலும், 'வந்துட்டீங்களா டீச்சர், உங்க பையனைக் கூட்டிட்டுப் போங்க' என்பதுதான். என் பையனா அவன்? வருகைப் பதிவேட்டில் உங்கள் வகுப்பில் அல்லவா இருக்கிறான்?

பழைய மணி

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவ மாட்டேன். கரும்பலகை தம்பி ஒரு இடத்தில் தவறு.

'சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள்' என்று முடிவு செய்ய நீங்களும் நானும் யார்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அது அருகிலுள்ள பள்ளியிலா சிறப்புப் பள்ளியிலா என்பது பிள்ளையின் விருப்பம் என்கிறது. பள்ளிக்கு அந்த விருப்பம் கிடையாது. 1995 சட்டத்தில் குறைபாடுகள் ஏழு வகை, இப்போது 21. அன்று கணக்கிலேயே வராமல் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்று கணக்கில் வந்திருக்கிறார்கள். புதிதாக எங்கிருந்தோ வந்து இறங்கவில்லை. அப்போது நாம் அவர்களுக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்திருந்தோம். நானும் வைத்திருக்கிறேன்.

ஆள் போடுவது பற்றி: 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர். நிரந்தரப் பணியிடம் உருவாக்கச் சொன்னது. பல பள்ளிகளுக்கு ஒருவர் சுற்றி வருவது தற்காலிக ஏற்பாடு மட்டுமே என்றது. 2025 மார்ச்சில், இன்னும் ஏன் பணியிடங்களை அறிவிக்கவில்லை என்று மாநிலங்களை மறுபடி கேட்டது. ஆகவே கோபத்தை வண்டியில் வருகிறவர் மேல் காட்டாதீர்கள்.

கரும்பலகை

ஐயா, சட்டம் புரிந்தது. கணக்குப் போடுங்கள். பத்துக்கு ஒருவர் என்றால் என் பள்ளியில் இருப்பது இரண்டு பேர். தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினாலும் ஐந்து பள்ளிக்கு ஒருவர் வருவார். வாரத்தில் ஒரு நாள்! இன்றைக்கு ஒரு மணி நேரம், அன்றைக்கு ஒரு நாள். மீதி நான்கு நாள் மறுபடியும் நான்தானே?

வட்டாரவாசி அம்மாவுக்கு: கேட்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்க அவர் எங்கே நின்றார்?

தறிச்சத்தம்

நான் சிறப்புப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியை. இந்த விவாதத்தில் எல்லோரும் அந்தப் பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பெண் பிள்ளை எங்கே? முதல் பதிவிலேயே அவளுக்கு ஒரு வரிதான். அவள் ஓடுவதில்லை, சத்தம் போடுவதில்லை, எனவே யாருக்கும் தொந்தரவில்லை.

பத்து வயதில் இப்படிப் பொதுப் பள்ளியிலிருந்து எங்களிடம் வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதுவார்கள். 'உன் அம்மா பெயர் என்ன' என்று எழுதிக் காட்டினால் அதையே திரும்ப எழுதித் தருவார்கள். ஐந்து ஆண்டு படித்ததாகச் சான்றிதழ். மொழி ஒன்றும் உள்ளே போகவில்லை. அந்த வகுப்பில் அவளோடு கை அசைத்துப் பேச ஒரு பிள்ளை இல்லை, ஒரு ஆசிரியர் இல்லை. எங்கள் விடுதியில் சாப்பாட்டு வரிசையில் வந்து பாருங்கள், தட்டைக் கீழே வைத்துவிட்டு வம்பளக்கிறார்கள். மொழி வளர்வது அங்கேதான். அவளைப் பொறுத்தவரை கரும்பலகை சார் சொன்னதுதான் சரி.

வட்டாரவாசி

இதற்கு நான் மறுத்துப் பேச முடியாது. நான் படித்தது அறிவுத்திறன் குறைபாட்டுக்கான பி.எட். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அந்தப் பிரிவில்தான் பதிவு. ஆனால் களத்தில் 21 வகைக்கும் நானே. சைகை மொழியில் பெயர், நிறம், எண் தெரியும். அதற்கு மேல் தடுமாற்றம். பிரெய்ல் எழுதுகோலில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும் என்பதையே பயிற்சி முகாமில்தான் தெரிந்துகொண்டேன். கண் மருத்துவரைப் பல் பிடுங்கச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்களைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

நிழல்மரம்

அரை நாள் வேலை, வண்டியில் ஊர் சுற்றல், அதற்குச் சம்பளம், பிறகு இணையத்தில் புலம்பல். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போகலாமே.

வட்டாரவாசி

விட்டுவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் இப்போது துணிக்கடை வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார்.

பதிவு இல்லாமல் இந்த வேலையைச் செய்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 1992ஆம் ஆண்டு மறுவாழ்வுக் குழுமச் சட்டம். பதிவோடு செய்தால் தொகுப்பூதியம். அந்தப் பதிவையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, பயிற்சி வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஊதியம் சமக்ர சிக்ஷா என்ற, ஒன்றிய அரசு நிதி தரும் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருகிறது. 2024-25இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தபோது, தொலைக்காட்சியில் அரசியல்வாதிகள் கல்விக் கொள்கை பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மாதக் கடைசியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முல்லைக்கொடி

ஆசிரியர்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் அம்மா. மகனுக்கு 11 வயது, அறிவு வளர்ச்சி குறைவு.

சிறப்புப் பள்ளியில்தான் முதலில் சேர்த்தேன். நல்ல பள்ளி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும். அவனை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து திரும்ப முடியாது. வாசலிலேயே பகல் முழுக்க உட்கார்ந்திருப்பேன். என்னைப் போல இன்னும் ஒன்பது அம்மாக்கள். அவனுக்குப் படிப்பு கிடைத்தது, எனக்கு வேலை போயிற்று. கூலி இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும்? ஊர்ப் பள்ளிக்கே மாற்றிவிட்டேன். 'சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள்' என்பவர்கள் பஸ்ஸுக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.

வாரம் ஒரு முறை வரும் டீச்சரால் என்ன பயன் என்று கேட்டீர்கள். என் மகன் சட்டை போடுகிறான். அவர் முதலில் பழைய சட்டை ஒன்றில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய பொத்தான் தைக்கச் சொன்னார். பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துக் கொடுத்துவிட்டு, வெளியே இழுப்பதை மட்டும் அவனிடம் விட்டார். மூன்று வாரம் அந்த ஒரு இழுப்புதான். பிறகு நுழைப்பது, அதன் பிறகு துளையைத் தேடுவது. வேலையைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லித் தந்தார். ஒவ்வொரு முறையும் முடித்தது அவனாகவே இருந்ததால் அவனுக்குக் குஷி. தினமும் செய்தது நான்தான், அவர் அல்ல. ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னது அவர். எட்டு மாதம் ஆயிற்று. மேல் பொத்தான் மட்டும் இன்னும் வரவில்லை.

கரும்பலகை

அம்மா, அந்த 'வாசலில் உட்கார்ந்திருப்பேன்' என்ற வரிக்கு என்னிடம் பதில் இல்லை. சிறப்புப் பள்ளி என்று பொதுவாகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பெண் பிள்ளை விஷயத்தில் தறிச்சத்தம் அவர்கள் சொன்னதை அவள் அப்பாவிடம் பேசப் போகிறேன். முடிவு அவருடையது.

ஆனால் ஒன்று. உங்கள் டீச்சர் சொன்னதைத் தினமும் செய்ய நீங்கள் ஒருவருக்கு ஒருவர் இருந்தீர்கள். எனக்கு 31க்கு ஒருவன். வட்டாரவாசி அம்மா, இப்போது கேட்கிறேன்: மணிச் சத்தத்துக்கு என்ன செய்வது?

வட்டாரவாசி

பிள்ளையைப் பார்க்காமல் சொல்வது சரியல்ல. உங்கள் பயிற்றுநரிடம் முதலில் கேளுங்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பள்ளியில் பலித்தது இது. சத்தத்தைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் பல பிள்ளைகளுக்குத் தொல்லை. மணி அடிக்கப் பத்து நிமிடம் முன்பே ஒரு படத்தைக் காட்டுங்கள்: மணி, அடுத்து சாப்பாட்டுத் தட்டு. சில நாள் தொலைவில் நிறுத்திப் பார்க்க வையுங்கள். பயம் தணிந்தால், அடிக்கிற கோலை அவன் கையிலேயே கொடுங்கள். தானே எழுப்புகிற சத்தத்துக்குப் பயம் குறைவு. காதைப் பொத்தினால் கட்டாயப்படுத்த வேண்டாம். அதற்கு முன்னால் வாசல் கேட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், அதுதான் முதல் வேலை.

பழைய மணி

தாழ்ப்பாளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டால் ஆறு மாதம் ஆகும். கொல்லனிடம் நேரே போங்கள்.

கரும்பலகை (மூன்று வாரத்துக்குப் பிறகு)

தாழ்ப்பாள் போட்டாயிற்று, 180 ரூபாய், என் காசு. எங்கள் பயிற்றுநரிடம் பேசினேன். தாழ்வாரத்துக்குப் போகாமல் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் வகுப்பிலேயே உட்காருகிறார். புகைப்படம் சரியாக விழவில்லை என்று மேலே இருந்து கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளி மணி தண்டவாளத் துண்டு. நேற்று முதல் முறையாகக் கோலை வாங்கினான். அடித்தான். நிறுத்தவில்லை. 40 வரை எண்ணினேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோலைத் திரும்ப வாங்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மற்ற 30 பேரும் வரிசை கலைந்து சோற்றுப் பானையைச் சுற்றி நின்றார்கள். அந்த 30 பேரை யார் பார்ப்பது என்ற என் முதல் கேள்விக்கு இங்கே இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வட்டாரவாசி

அதற்கு என்னிடமும் பதில் இல்லை. கோலுக்கு இருக்கிறது: சுவரில் ஐந்து புள்ளி வையுங்கள், ஒரு அடிக்கு ஒரு புள்ளியை அழிக்க வையுங்கள்.