டைட்டிலில் தமிழ் எழுத்துகள் பிரிகின்றன, வழி சொல்லுங்கள்

எங்கள் ஊர்த் திருவிழா வீடியோவுக்கு ‘கொடியேற்றம்’ என்று வீடியோ எடிட்டிங் மென்பொருளில் டைட்டில் வைக்கிறேன். ட்ராக்கிங் (எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அளவு) பூஜ்யத்தில் இருந்தால் எழுத்து அழகாக இருக்கிறது. 50க்கு ஏற்றினால் ‘கொ’ மூன்றாகப் பிரிகிறது: கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் தள்ளிப்போய் நிற்கிறது. ‘ற்’ மேலே இருக்கவேண்டிய புள்ளி நகர்ந்து அடுத்த ற-வோடு ஒட்டிக்கொள்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பார்க்கப்போகும் வீடியோ, இப்படியே விட மனமில்லை.

விண்டோஸ் 11, 1920x1080 டைம்லைன். யூனிகோடில்தான் தட்டச்சு செய்கிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா, லதா என்று மூன்று எழுத்துருக்களிலும் இதே கதை. அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினுக்கு (எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் பகுதி) மாற்றி, மென்பொருளை மூடித் திறந்தேன். அதற்குப் பிறகுதான் பூஜ்யத்திலாவது எழுத்து சரியாக வந்தது. எழுத்துகளுக்கு நடுவே ஸ்பேஸ் தட்டினால் இடைவெளி ரொம்ப அதிகம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்து பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்தால் சரியாக இருக்கிறது, ஆனால் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் அனிமேஷன் போட முடியவில்லை. அப்புறம் ஒரு சொல்லைத் திருத்தவும் முதலிலிருந்து செய்யவேண்டும்.

உயிர்மெய்யை உடைக்காமல், டைட்டிலுக்குள்ளேயே எழுத்து இடைவெளியைக் கூட்ட என்ன வழி?