லா பாஸ் உயரம் நிஜமாகவே அவ்வளவு படுத்துமா?

அடுத்த மாதம் பொலிவியா போகிறேன். லா பாஸ் சுமார் 3,600 மீட்டர் உயரமாம். ஊர் சுற்ற முடியுமா, இல்லை அறையிலேயே படுத்துக் கிடக்கணுமா?

பதில் 1: ஒரு சந்து ஏறுவதற்குள் மூச்சு வாங்கும், அதே சந்தில் ஒரு பாட்டி முதுகில் வண்ணத்துணி மூட்டையோடு சர்வசாதாரணமாக உங்களைத் தாண்டிப் போவார். முதல் நாள் கோகா இலைத் தேநீரைக் குடித்துவிட்டு மெதுவாக நடங்கள்.

பதில் 2: ஏன் நடக்கணும்? 2014-ல் வந்த கேபிள் கார் இருக்கிறதே! சிவப்புத் தடத்தில், மேலே இருக்கும் பக்கத்து நகரமான எல் ஆல்டோவுக்கு ஏறுங்கள்; கல்லறைத் தோட்டம், செங்கல் வீடுகள், மாடியில் காயும் துணி வரைக்கும் தெரியும். ஞாயிறு என்றால் மேலே பெரிய சந்தை.

பதில் 3: சால்தேன்யா என்ற, சோமாஸ் மாதிரி மடித்துச் சுட்ட பலகாரத்தைக் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். உள்ளே சூடான குழம்பு, நிமிர்த்திப் பிடித்து மூலையைக் கடித்து உறிஞ்சணும், இல்லாவிட்டால் சட்டை போச்சு.