கிட்டார் கிட்: கழுத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. உள்ளீடற்ற உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிட்டாரை கிட் (உதிரிப் பாகங்களின் தொகுப்பு) வாங்கி நானே செய்துகொண்டிருக்கிறேன். ஸ்கேல் நீளம் (கம்பியின் அதிரும் பகுதியின் நீளம்) 24.75 அங்குலம், மிதக்கும் பிரிட்ஜ் (உடலில் திருகாமல், கம்பிகளைத் தாங்கி நிற்கும் பாலம்), ட்ரபீஸ் டெயில்பீஸ் (கம்பிகளின் பின்முனையைப் பிடிக்கும், உடலின் ஓரத்தில் மாட்டும் உலோகச் சட்டம்). பசை தடவாமல் கழுத்தை உடலில் உள்ள குழியில் பொருத்திப் பார்த்தேன். பக்கவாட்டில் ஆட்டமே இல்லை, கச்சிதமாக உட்கார்ந்தது.

சிக்கல் கோணத்தில்தான். ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பிகள்) மேல் நேர்விளிம்பு அளவுகோலை வைத்து நீட்டினால், அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைவிட நிறையக் கீழே போய் முட்டுகிறது. அதுவும் பிரிட்ஜை முழுக்கத் தாழ்த்திய பிறகு! இப்படியே ஒட்டினால் கம்பிகள் ஃப்ரெட்போர்டிலிருந்து (விரல் வைக்கும் பலகை) எக்கச்சக்க உயரத்தில் நிற்கும். கழுத்தைப் பின்னோக்கிக் கொஞ்சம் சாய்க்க வேண்டும் என்பது புரிகிறது. குழியின் அடியில், பிரிட்ஜ் பக்கம் 1 மி.மீ. தடிமனாகவும் மறுமுனையில் ஒன்றுமில்லாமலும் மேப்பிள் ஆப்பு வைத்து ஒட்டலாமா? அல்லது கழுத்தின் அடிப்பாகத்தையே சாய்வாக இழைப்பதா? இழைத்த மரம் திரும்பி வராது, அதனால் கை வைக்கத் தயங்குகிறேன். ஆப்பு வைத்தால் இணைப்பின் பலம் குறையுமா?

இன்னொன்று. பின்பக்கம் மூடி கிடையாது. பாட் (ஒலியளவைத் திருகும் குமிழின் அடியில் உள்ள மின்பாகம்), ஜாக் (கேபிள் செருகும் இடம்) எல்லாம் எஃப் துளை (உடலின் முன்பக்கம் உள்ள f வடிவத் துளை) வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நூல் கட்டி இழுத்தால் பாட், தன்னைப் பொருத்த வேண்டிய துளைக்கு அருகில் வந்து திரும்பிக்கொள்கிறது. டெயில்பீஸுக்குப் போகும் எர்த் ஒயரை (இரைச்சலைக் குறைக்கும் தரை இணைப்பு) முதலில் இழுப்பதா, கடைசியிலா?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை பசை டப்பாவைத் திறக்கப் போவதில்லை.