கதையை யார் சொல்கிறார்கள் என்று கவனித்து வாசிப்பது எப்படி?

மழைக்காகிதம்:
கல்லூரிக் காலத்திலிருந்து சிறுகதைகள் வாசிக்கிறேன், இப்போது எழுதவும் ஆரம்பித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு அலைகிறார், அதுதான் கதை. படித்த நண்பர், "எல்லார் மனசுக்குள்ளும் புகுந்து புறப்படுறே, இல்லைன்னு சொல்றவர் என்ன நினைக்கிறார்ங்கிறதையும் நீயே சொல்லிடுறே, நான் யோசிக்க என்ன மிச்சம்?" என்றார். சரி என்று 'நான்' போட்டு எழுதினால் கண்டக்டர் எழுத்தாளர் மாதிரிப் பேசுகிறார். நல்ல கதைகளிலிருந்து இதை எப்படிக் கற்றுக்கொள்வது? வாசிக்கும்போது கதைக்குள் மூழ்கிவிடுகிறேன், யார் சொல்கிறார்கள் என்பதே கண்ணில் படுவதில்லை.

பழையபுத்தகம்:
முதல் வாசிப்பில் மூழ்குவதுதான் சரி. இரண்டாவது வாசிப்பில் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்: இதைச் சொல்கிறவருக்கு எது தெரியாது?

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புக் கேட்டு வருகிற புலிவேஷக்காரர் காதர் புலியாகப் பாய்கிறார், ஆனால் கதையைச் சொல்வது சினிமா ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒருவர். அலுவலகத்தின் டிபன் இடைவேளையைப் பற்றிய சாதாரணப் பேச்சில்தான் கதையே தொடங்குகிறது, அந்தச் சலிப்பான அறைக்குள் அந்த மனிதர் நுழைவதால்தான் நமக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. காதரின் வீட்டை நாம் பார்ப்பதே இல்லை. பிற்பாடு அவருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிடுகிறது, அவர் என்ன ஆனார் என்று சொல்பவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதே கதையைக் காதரே சொல்லியிருந்தால் அவருடைய கஷ்டம் முழுக்க வந்திருக்கும், ஆனால் எதிரே நிற்பது மனிதனா புலியா என்று ஒரு கணம் தடுமாறுகிறோமே, அது போயிருக்கும்.

இன்னொன்று, இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். பிடித்த பத்தி ஒன்றை நோட்டில் எழுதுங்கள், அப்புறம் 'நான்' வருகிற இடத்திலெல்லாம் 'அவர்' போட்டு மறுபடி எழுதுங்கள். சில வாக்கியங்கள் அப்படியே நிற்கும். சில நொறுங்கிவிடும், அங்கேதான் உங்களுக்குப் பாடம்.

இரவுவாசிப்பு:
படர்க்கையைக் கைவிட வேண்டாம், படர்க்கை என்றால் எல்லாருடைய மனதையும் திறந்து காட்ட வேண்டும் என்று யார் சொன்னது? புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' படியுங்கள். அவள் உயிர் பிரிந்த இடத்தில் கதை தொடங்குகிறது, பிறகுதான் பின்னால் போகிறது. பெரும்பாலும் புருஷன் பிரமநாயகம் பிள்ளையை ஒட்டியே நடக்கும். துணிக்கடைச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர், செத்துப்போன மனைவியோடு வீட்டில் தனியாக இருந்துகொண்டு ஒவ்வொரு காரியமாகச் செய்கிறார். அழுதார் புலம்பினார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் இவ்வளவு கனத்திருக்குமா? அவளுடைய மனசு நமக்குத் திறக்கவே இல்லை, நோயில் அவள் பேசுவதை அவரைப் போலவே நாமும் வெளியே நின்றுதான் கேட்கிறோம்.

கரிசல்காற்று:
ஒரு கதைக்கு ஒரே கோணம்தான் என்று இதைச் சட்டமாக்கிக்கொள்ள வேண்டாம். 1977இல் வந்த அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலில் சந்திரசேகரன் சில இடங்களில் 'நான்' என்று பேசுகிறான், சில இடங்களில் கதை அவனை 'அவன்' என்று சொல்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளின் செகந்திராபாத், ஊரே ரெண்டுபட்டுக் கிடக்கும்போது பையனும் தனக்குள் ஒரே ஆளாக இல்லை என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆனால் உங்கள் கதையில் கோணம் தாவுவதற்கு அப்படி ஏதாவது காரணம் இருக்கிறதா?

மழைக்காகிதம்:
இல்லை, எழுத வசதியாக இருந்தது என்பதைத் தவிர. கண்டக்டரோடு பல வருஷம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் சொல்வதாக மாற்றலாமா என்று தோன்றுகிறது. கடன் கேட்கப் போகும்போது துணைக்குப் போவார்.

பழையபுத்தகம்:
தாராளமாக. ஆனால் அவரை உள்ளே கூட்டிப் போகாதீர்கள். வாசலில் பைக் பக்கத்திலேயே நிற்கட்டும். உள்ளே என்ன பேசினார்கள் என்பதை, திரும்பி வருகிற நண்பர் செருப்பு மாட்டுகிற விதத்தைப் பார்த்து அவரே ஊகிக்கட்டும்.