தும்பைப்பூவ ஷார்ப்பா எடுக்குறது பத்தி என் அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

மழை விட்டு கார்த்திகை வாக்குல எங்க பக்கம் தரிசு, வரப்பு எல்லாம் தும்பை பூத்துக் கெடக்கும், ஒரு பூ ஒரு சென்டிமீட்டர் இருந்தா பெருசு, ஆனா க்ளோசப் எடுக்குறவங்கள இத விட சோதிக்கிற பூ வேற இல்லன்னு சொல்வேன். வெள்ளைப் பூ மேல வெள்ளை ரோமம், ஆட்டோ ஃபோக்கஸுக்குப் புடிக்க ஒரு விளிம்பு கெடைக்காது, லென்ஸ் முன்னயும் பின்னயும் ஓடிக்கிட்டே இருக்கும்.

அதனால மேனுவலுக்கு மாத்திடுவேன். எவ்ளோ பெருசா வேணுமோ அதுக்குத் தக்கன லென்ஸோட ஃபோக்கஸ் ரிங்கத் திருப்பி வச்சிட்டா அப்புறம் அதத் தொடுறதே இல்ல. முழங்கை ரெண்டையும் தரையில ஊனிட்டு உடம்ப மட்டும் மெல்ல முன்ன பின்ன சாய்ப்பேன், அப்போ ஃபோக்கஸ் பூ மேல ஊர்ந்து போறது கண்ணுக்கே தெரியும், மொதல்ல அகலமா விரிஞ்ச கீழ் இதழ், அதத் தாண்டி மேல குல்லா மாதிரி வளைஞ்ச இதழ், அதோட ரோமம் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுற எடத்துல பர்ஸ்ட்ல, அதாவது படபடன்னு பல படம் தொடர்ந்து எடுக்குற மோட்ல அமுக்கிடணும். மூச்ச விட்டு முடிச்ச நேரத்துல அமுக்குனா ஆட்டம் இன்னும் கம்மி.

எஃப் நம்பர ஏத்துனா, அதாவது லென்ஸோட துவாரத்தச் சின்னதாக்குனா சரியாயிடும்னு நெறைய பேர் சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பூ நெசமா இருக்குற அதே அளவுல சென்சார்ல விழுற ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல எஃப் 8 வச்சாலும் ஃபுல் ஃப்ரேம்ல (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) சுமாரா ஒரு மில்லிமீட்டர்தான் ஷார்ப்பா வரும், எஃப் 16 வச்சா அந்த நெருக்கத்துல அது எஃப் 32 கணக்கா வேலை செய்யும், சின்ன துவாரத்துல ஒளி வளைஞ்சு பரவுற டிஃப்ராக்‌ஷன்ல மொத்தப் படமும் மழுங்கிடும். அத விட, எந்த எதழ் முக்கியமோ அதுக்கு நேரா, இணையா கேமராவத் திருப்புங்க, இருக்குற ஒரு மில்லிமீட்டரும் முழுசா அங்க விழும்.

இன்னொண்ணு, சுத்தி பச்சையா இருக்குறதால கேமராவோட வெளிச்ச மீட்டர் ஏமாந்து வெள்ளைய வெளுத்துடும். வெளுத்த எடத்துல ரோமம், நரம்பு எதுவும் பதியாது, பாக்குறவங்க அவுட் ஆஃப் ஃபோக்கஸ்னு நெனச்சுக்குவாங்க. எக்ஸ்போஷர முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கொறச்சா வெளிச்சம் பாதி) கொறச்சுப் பாருங்க, ஃபோக்கஸ்ல கை வைக்காமலே படம் ஷார்ப்பா தெரியும்.

——

அண்ணே, ரொம்ப நன்றி, அந்த வெளுக்குற விஷயம் எனக்கும் நடந்துருக்கு. எங்க ஊர்ல காத்துதான் பெரிய தொல்லை. கண்ணுக்கு ஆடாத மாதிரி இருக்கும், லைவ் வியூல, அதாவது கேமரா திரையில பத்து மடங்கு பெருசாக்கிப் பாத்தா பூ ஃப்ரேம விட்டே வெளிய போயிட்டு வரும். துணி காயப்போடுற கிளிப்ப ஒரு கெட்டிக் கம்பியில கட்டி மண்ணுல குத்தி, பூவுக்குக் கீழ தண்ட லேசா கவ்வ வச்சிடுவேன், செடியப் பறிக்கவும் வேணாம். ஷட்டர் வேகத்த 1/500 நொடிக்குக் கீழ எறக்குறதில்ல, அதுக்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறுனாலும் பரவால்ல, புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸக் கொறச்சுக்கலாம், ஆடுன படத்த ஒண்ணும் பண்ண முடியாது.

——

தம்பி சொன்ன கிளிப்பு அருமையான யோசனை. நான் ஃப்ளாஷ் முன்னாடி வெள்ளைத் துணி கட்டி, பவரக் கொறச்சு வச்சு எடுக்குறேன், பவர் கொறைய கொறைய ஃப்ளாஷ் அடிக்கிற நேரமும் சுருங்கும், அதுலயே ஆட்டம் ஒறஞ்சிடும். ஆனா வெயில் ஏறுனப்புறம் இது பலிக்காது, வெயில் வெளிச்சமும் சேந்து பதிஞ்சு பூ ரெட்டையா தெரியும், அதனால விடியக்காலைல இல்லன்னா நெழல்ல. ஃபோக்கஸ் ஸ்டாக்கிங், அதாவது ஃபோக்கஸ மாத்தி மாத்தி எடுத்த பல படத்த ஒண்ணாச் சேக்குறது, பண்றவங்க யாராச்சும் இருந்தா ஒண்ணு சொல்லுங்க, எறும்பு ஏறுன பூவ எப்படிச் சமாளிக்கிறீங்க? தும்பைல எறும்பு இல்லாத பூவே எனக்குக் கெடைக்க மாட்டேங்குது, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் எறும்பு வேற வேற எடத்துல நிக்குது.