ஸ்விஃப்டுக்குப் பதினேழு இஞ்சா?

தம்பி: மாமா, இந்த அலாய் வீல் எப்படி? 17 இஞ்ச், டயர் 205/45. சேலம் அஞ்சு ரோடு பக்கம் பார்த்தேன். பழைய வீலை எடுத்துக்கொள்கிறார்களாம்.

அம்மா: நல்லா ஓடுகிற சக்கரத்தை ஏன்டா கழற்றுகிறாய்?

ஏற்காடு மாமா: பார்க்க ஜோர்தான் மாப்ளே. உன்னுடையது விஎக்ஸ்ஐ மாடல்தானே, டயரில் என்ன போட்டிருக்கு?

தம்பி: 165/80 ஆர்14.

ஏற்காடு மாமா: ஆர்14 என்றால் ரிம் 14 இஞ்ச். 165 டயர் அகலம், மி.மீ.யில். அதில் 80 சதவீதம், 132 மி.மீ. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் அவ்வளவு ரப்பர். நீ கேட்பதில் 92தான். நாலு செ.மீ. போச்சு. மலை ரோட்டில் குழியில் இறங்கினால் அடி நேரே அலாய்க்கு.

தம்பி: மொத்த உயரம் ஒன்றுதானே மாமா? 620 மி.மீ.க்கு 616.

ஏற்காடு மாமா: அட, கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாய்! சரி, ஸ்பீடாமீட்டர் பெரிதாகத் தப்பாது. அகலம்? அது நாலு செ.மீ. கூடுகிறதே. பக்கத்து எஸ்டேட்காரர் இப்படித்தான் போட்டார். மலை ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது பின்னால் மூன்று பேர், டிக்கியில் ரெண்டு பலாப்பழம். பிரேக்கில் பாரமெல்லாம் முன்னால் சாய, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டின் உள் லைனரில் உரசி சர்ர்ர்... கொண்டை ஊசி வளைவு மொத்தம் 20, எண்ணிக்கொள்.

அத்தை: அந்த வண்டியில் நானும் இருந்தேன். பழம் உருளுகிறது என்றல்லவா நினைத்தேன்!

நான்: 15 போட்டால்?

ஏற்காடு மாமா: அதைத்தான் சொல்ல வந்தேன். மேல் மாடல் இசட்எக்ஸ்ஐக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 போடுகிறது. உயரம் 621, ரப்பர் 120. ஆசை அடங்காவிட்டால் 195/55 ஆர்16, அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் நாலு நட்டு, 100 பிசிடி, அதாவது நட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ., பொருந்தினால் போதும் என்று விடாதே. வீலின் நடு ஓட்டை 54.1 மி.மீ. அலாயில் அது பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கும் ரிங் கேட்டு வாங்கு. எனக்கு ஒரு கடையில் ரிங் இல்லாமலே மாட்டிவிட்டார்கள். 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். மூன்று தடவை பேலன்சிங் செய்துவிட்டு "ரோடு சரியில்லை சார்" என்றார்கள். ஓமலூர் நாலுவழிச் சாலையில்!

அப்பா: மச்சான், ஸ்டெப்னி?

ஏற்காடு மாமா: 14-ஏ இருக்கட்டும், பஞ்சர் கடை வரைக்கும் போகும். அலாய்க்கு வேறு நட்டு கொடுத்தால் பழைய நட்டை டிக்கியில் போட்டு வை. இன்சூரன்ஸிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

தம்பி: சரி மாமா, 15. கருப்பா, சில்வரா?

அத்தை: எதையாவது மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மேலே வா. வரும்போது தட்டுவடை செட் பத்து. இறங்கும்போது ரெண்டு பழம் ஏற்றிவிடுகிறேன், உரசுகிறதா பார்க்கலாம்.