பழைய டிவி வால்வு, எல்ஓடி, பிக்சர் டியூப்: ஈத்தாமொழியிலிருந்து கோயம்புத்தூருக்கு உடையாமல் போய்ச் சேர வழி உண்டா?

ஈத்தாமொழிக்காரன்:

அப்பா முப்பது வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. மச்சில் கிடக்கிற சாமான்களை ஆக்கர் கடையில் போடச் சொல்லி அம்மா தினமும் சொல்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு வால்விலும் (பழைய செட்டில் டிரான்சிஸ்டரின் வேலையைச் செய்த கண்ணாடிக் குழல்) ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி 'நல்லது', 'சுமார்', 'அரை உயிர்' என்று அப்பா கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

கோயம்புத்தூரில் பழைய கருப்பு வெள்ளை செட்களைச் சரிசெய்கிற ஒருவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சோதனைக்கு ஆறு வால்வுகளைத் தினத்தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் அடுக்கி கூரியரில் அனுப்பினேன். உயிரோடு போய்ச் சேர்ந்தது நாலு. ஒரு பி.எல். 504-ன் தலையில் இருக்கும் தொப்பி கழன்றுவிட்டது. ஒரு பிசிஎல் 82 பார்வைக்கு நன்றாகத்தான் இருந்ததாம், ஆனால் உள்ளே வெள்ளியாக இருந்த பூச்சு பால் மாதிரி வெளுத்துப்போனதாம். இரண்டுமே அப்பா 'நல்லது' என்று எழுதியவை.

இன்னும் நாற்பது வால்வு, இரண்டு எல்ஓடி (பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்), ஒரு யோக் (டியூபின் கழுத்தில் மாட்டும் செப்புச் சுருள்), ஒரு ட்யூனர் (சேனல் பிடிக்கும் பகுதி), ஒரு 20 இஞ்ச் பிக்சர் டியூப் மிச்சம். எங்கள் ஊரில் தும்புக்கு, அதாவது தேங்காய் நாருக்கு, பஞ்சமில்லை. பெட்டி நிறையத் தும்பை அடைத்து அனுப்பலாமா? இல்லை, தெர்மோகோல் உருண்டை வாங்கட்டுமா?

தக்கலை பழைய மெக்கானிக்:

தம்பி, அந்தப் பால் நிறத்திலேயே என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. வால்வுக் கண்ணாடியின் உள்ளே வெள்ளியாக மின்னுவது பேரியம். உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சுவதற்காக வைத்தது. வெளிக்காற்று புகுந்தால் வெளுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் பின்கள் கண்ணாடிக்குள் இறங்குகிற இடத்தில். டின்னின் தரையில் பின் முட்டி நின்றிருக்கும், வண்டி குலுங்கக் குலுங்க வளைந்திருக்கும். பக்கத்தில் அடி பட்டால்தான் வால்வு உடையும் என்றில்லை, பின் வளைந்தாலும் போதும்.

அந்த 504-ஐத் தூக்கிப் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். தொப்பிக்குள் போகிற கம்பி கண்ணாடிக்கு வெளியே ஒரு நூல் அளவு நீட்டிக்கொண்டிருந்தால் சால்டர் வைத்துப் பிடித்துவிடலாம். வெப்பம் தாங்குகிற பசையாகப் பார்த்து ஒட்ட வேண்டும். அந்த வால்வின் சூட்டுக்குச் சாதாரணப் பசை நிற்காது.

இனி அனுப்புவதற்கு முன்னால் மீட்டரை எடுத்து 4, 5 பின்களுக்கு நடுவே ஹீட்டர் (உள்ளே சூடாகும் இழை) அறுந்துபோகாமல் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசை வால்வுகளில் பெரும்பாலும் அந்த இரண்டு பின்தான். வெள்ளிப் பூச்சு தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் உதவும். எண் அச்சிட்ட இடத்தைத் துணியால் துடைக்காதீர்கள், சும்மா விரல் பட்டாலே அழிந்துபோகும். செல்லோ டேப்பும் கண்ணாடியில் படக்கூடாது. நெளி அட்டையை வால்வைச் சுற்றி உருட்டி, மேலும் கீழும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக விட்டு, அட்டையின் மேல் மட்டும் டேப் ஒட்டுங்கள். பின்னும் தொப்பியும் எதிலும் முட்டாது. அந்தக் காலத்தில் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வே இப்படி அட்டைக்குள்தான் வரும்.

தும்பு வேண்டாம். ஈத்தாமொழித் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, உங்கள் ஊர்ப் பெருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தும்பு ஈரத்தை இழுக்கும், தூசி கொட்டும். கதம்பலை (தேங்காய் மட்டையை) உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அடித்த தும்பாக இருந்தால் உப்பும் சேர்ந்து வரும். யோக்கின் மெல்லிய செப்புக் கம்பியைப் பச்சை பிடிக்க வைக்க அது போதும். அதற்குப் பதில் மெத்தைக் கடையில் வெட்டிப் போட்ட ரப்பர் கொயர் துண்டுகளைக் கேளுங்கள். தும்பின்மேல் ரப்பர் பால் தெளித்துச் செய்கிற பலகை அது. அமுக்கினால் திரும்ப எழும்பும். தினத்தாள் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கினதுதான்.

எல்ஓடிக்கு எதிரி அதன் கனமேதான். சுருளுக்கு நடுவே கருங்கல் மாதிரி இருக்கும் ஃபெரைட் என்கிற காந்தப் பொருள் ஒரு தட்டில் இரண்டாகும். பெட்டிக்குள் உருள விடாமல், அதன் கிளாம்ப் ஓட்டைகள் வழியாகவே ஒரு பிளைவுட் துண்டில் போல்ட் போட்டு முறுக்குங்கள். இரண்டு ஃபெரைட் துண்டுகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு காகிதம் இருக்கும். அழுக்கு என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், இடைவெளி கணக்காக இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். வால்வும் எல்ஓடியும் ஒரே பெட்டியில் போகவே கூடாது.

பிக்சர் டியூபை அனுப்பாதீர்கள். அவ்வளவுதான்.

குழித்துறை, இப்போது தாம்பரம்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் கை சுட்ட கதை. யோக்கைத் தெர்மோகோலில் அழகாகக் குடைந்து உட்காரவைத்து, அனுப்பாமலே ஒரு கோடை முழுக்க வைத்திருந்தேன். எடுக்கும்போது வயர் தெர்மோகோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிவிசி வயரில் இருக்கும் எண்ணெய் மாதிரியான பொருள் தெர்மோகோலைக் கரைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. நடுவில் ஒரு காகிதம் சுற்றியிருந்தால் தப்பித்திருக்கும்.

தெர்மோகோல் உருண்டையும் வேண்டாம். வண்டி ஆட ஆட, கனமான சாமான் நீந்திக்கொண்டே அடியில் போய் உட்கார்ந்துவிடும். பெட்டிக்குள் பெட்டி வையுங்கள், நடுவில் நாலு பக்கமும், மேலும் கீழும் 5 செ.மீ. மெத்தை. மூடிய பின் காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதுவதை எழுதுங்கள், யாரும் படிப்பார்கள் என்று மட்டும் நம்பாதீர்கள். எந்தப் பக்கமாகப் போட்டாலும் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும்.

தோவாளை:

மீன் வரும் தெர்மோகோல் பெட்டி குளச்சலில் சும்மாவே கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வாங்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் கோயம்புத்தூர்க்காரர் வால்வை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் செட்டில் மாட்டுவார்.

அப்புறம், ஆடிச் சாரலில் கட்டாதீர்கள். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள்.

ஈத்தாமொழிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி, டியூபை ஏன் அனுப்பக்கூடாது என்று கொஞ்சம் சொல்லுங்கள். அவருக்கு முக்கியமாக வேண்டியதே அதுதான்.

தக்கலை பழைய மெக்கானிக்:

20 இஞ்ச் டியூபின் முகம் சுமார் 40-க்கு 30 செ.மீ. உள்ளே வெற்றிடம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் காற்று அழுத்தினால் முகத்தில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் கணக்கு வருகிறது. அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு, விரல் தடிமன் கழுத்தோடு அது நாலு கூரியர் குடோன் ஏறி இறங்க வேண்டுமா? கழுத்து ஒடிந்தால் புஸ்ஸென்று காற்று ஏறி டியூப் வீணாகும். முகமோ கூம்போ உடைந்தால் கண்ணாடி சிதறி ஆளுக்கே ஆபத்து.

நாகர்கோவில்–கோயம்புத்தூர் ரயிலில் நீங்களே கொண்டுபோங்கள், அல்லது அவரை வரச் சொல்லுங்கள். கட்டுவதற்கு முன் ஆனோட் குழியை (கூம்பின் பக்கத்தில் உயர் மின்னழுத்த வயர் மாட்டும் இடம்) வெளிக் கருப்புப் பூச்சோடு ஷார்ட் செய்யுங்கள். பூச்சில் பிடித்த வயரின் மறுமுனையை, நல்ல உறை போட்ட ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் சுற்றிக் குழியில் தொட வேண்டும். சும்மா கிடந்த டியூபிலும் சார்ஜ் இருக்கும். ஒரு தடவை எடுத்த பிறகும் கொஞ்சம் திரும்ப ஊறும். அதனால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. பிறகு முகம் கீழே, கழுத்து மேலே. ரப்பர் கொயரில் முகத்தை உட்காரவையுங்கள். கழுத்தைச் சுற்றி வெறும் இடம் விட்டு, அதைவிட உயரமான பெட்டி. கழுத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். உங்கள் பக்கத்தில் ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாகினி டிவி, வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம். அதற்கென்றே ஏணியோடு அலைந்த தலைமுறை நாங்கள்.

ஈத்தாமொழிக்காரன்:

சொன்னபடி ஒரு பெட்டி கட்டினேன். உள்ளே வால்வுக்குப் பதில் ஃபியூஸ் போன நாலு குண்டு பல்பு. மச்சிலிருந்து முற்றத்தில் மூன்று தடவை போட்டேன். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, மீதியையும் அப்படியே போட்டு உடைத்துவிடு என்றாள். திறந்து பார்த்தால் நாலும் முழுசாக இருந்தன. அடுத்த வாரம் வால்வும் எல்ஓடியும் தனித்தனிப் பெட்டியில் போகின்றன. டியூபுக்கு அவரே காரில் வருகிறாராம். பிளாஸ்திரியை மட்டும் பிய்க்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

தக்கலை பழைய மெக்கானிக்:

கொள்ளாம். 'நல்லது' என்று எழுதிய 504 இரண்டு எனக்கு ஒதுக்கி வையுங்கள் தம்பி. கூரியர் வேண்டாம், பஸ் பிடித்து நானே வருகிறேன்.